செய்தி கற்கும் பிள்ளைகள்

1820ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் கரெற் என்னும் அமெரிக்க அச்சுக்காரர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷனாரின் பாடசாலைகளுக்கு வேண்டிய நூல்களை இங்கேயே அச்சிட்டுக் கொடுப்பது அவர் ஏற்று வந்த பணி. ஆனால் அப்பொழுது இலங்கை அரசாட்சியைக் கையில் வைத்திருந்த சேர் எட்வேட் பாண்ஸ் அவரை இத்தீவிலே தங்க விடவில்லை. கரெற் பம்பாய்க்குப் போய்விட்டார். அவருக்கென வந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த சேர்ச் மிஷனாரின் கைக்குச் சென்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஈஸ்ற்மன் மைனர் என்னும் இன்னோர் அச்சுக்காரர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் நிலைபெற்றது.

அந்த அச்சகத்திலிருந்து 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் 'உதயதாரகை' உதித்தது. இலங்கையின் முதலாவது தமிழ்ப் பத்திரிகை அதுவே என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மாதம் இருமுறை, தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்த அப்பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் யார் என்று கேட்டால் மாத்திரம் நம்மிற் பலர் விழிப்பர். ஹென்றி மாட்டின், செத் பேசன் என்பன அவர்களுடைய பெயர்கள். பெயரைக் கண்டு வெள்ளைக்காரர் என எண்ணிவிட வேண்டாம். இருவரும் இம்மண்ணின் தமிழர். வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்து வெளியேறியவர்கள். மாணவன் ஒருவனின் உணவுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பிய அமெரிக்க அன்பரின் விருப்பப்படி அவனுக்குப் பெயர் சூட்டுவது அக்காலத்து மிஷன் வழக்கம்.

செமினரியிலே அவர்கள் கணிதம் கற்றனர், வானசாஸ்திரம் கற்றனர், ஆங்கிலமும் தமிழும் கற்றனர். பத்திரிகைத் தொழிலை எங்கே கற்றனர்? அதற்கென ஒரு வகுப்பு அங்கே இருந்ததில்லை. பத்திரிகையை நடத்தியே பத்திரிகைத் தொழிலைக் கற்றனர் என்பதுதான் விடை. பிழை திருத்துவதும், வந்த கடிதங்களில் எதைப் போடுவது எதை விடுவது என்று தீர்மானிப்பதும், தமிழில் அதுவரை சொல்லப்படாத உலக விஷயங்களுக்குச் சொல் தேடுவதும் அவர்களுடைய அன்றாட வேலையாயின. கிறிஸ்தவ மிஷனின் பத்திரிகையாக இருந்தபோதிலும், அதிலே சைவ வாசகர்களின் மறுப்புக் கடிதங்களும் இடம்பெற்றன. எதிர்க்கருத்தை அச்சேற்றுவது எவ்வளவு கடினமான பாடம் என்பதைப் பத்திரிகை நடத்தியவர்களே அறிவர்.

அதே செமினரியின் மாணாக்கராகிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பின்னர் நெடுங்காலம் உதயதாரகையின் ஆசிரியராக விளங்கினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையோ கடல் கடந்து சென்னைக்குச் சென்று, பேர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி'யின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பிரதி ஒப்புநோக்கிப் பதிப்பித்த பெருமகனாராகவே நாம் அவரை அறிவோம். ஏட்டுக்கு ஏடு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தக் கண்ணுக்குப் பத்திரிகை மேசையும் ஓரளவு பழக்கம் கொடுத்திருக்கும் என்று கருதுவது தவறாகாது.

இத்தனையும் நிகழ்ந்த பின்னரே மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இத்தொழிலைப் பாடமாக்கின. உலகப் பிரசித்தி பெற்ற இதழியற் கல்லூரியை அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் திறந்தது 1908ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆம் நாள். உதயதாரகை பிறந்து 67 ஆண்டுகளுக்குப் பின்னர்! அக்கல்லூரியை அமைத்த வால்ற்றர் வில்லியம்ஸ் என்பவர் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். அச்சகத்தில் எடுபிடிப் பையனாகத் தொடங்கிப் பத்திராசிரியராக உயர்ந்தவர். ஆதலால் அவர் செய்த முதற்காரியம் விசித்திரமானது. வகுப்புத் தொடங்கிய அதே நாளில் மாணவர்களைக் கொண்டே ஒரு பத்திரிகையையும் வெளியிட்டார். அது கல்லூரி மதிலுக்குள் மாத்திரம் சுற்றிய ஏடன்று. கொலம்பியா நகரத்து மக்கள் படிக்கும் பத்திரிகை. நகரசபையில் நடந்ததை மாணவன் பிழையாக எழுதினால், மறுநாட் காலை நகரசபை உறுப்பினரே வந்து கேட்பார். ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதற்கும், ஊரவர் நேரில் வந்து கேட்பதற்கும் வேற்றுமை உண்டன்றோ? இந்த வேற்றுமையிலேதான் மாணவர் செய்திக்கூடத்தின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தியாவிலே அன்னி பெசன்ற் அம்மையார் 1920இல் அடையாற்றிலிருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பைத் தொடங்கியபோது, மாணவர்கள் தம்முடைய 'நியூ இந்தியா' பத்திரிகையிலே பயிற்சி பெறவும் வழி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இத்துறையை ஏற்றது. விகடன் நிறுவனம் 1980களில் ஆரம்பித்த மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிவர். கொழும்பிலே 2004இல் ஓர் இதழியற் கல்லூரி தோன்றி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வகுப்புகளை நடத்தியது.

குடாநாட்டுக்குத் திரும்புவோம். இங்கே கலாசாலை தோன்றுவதற்கு முன்னரே பயிற்சிக்களங்கள் தோன்றிவிட்டன. குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள் 1930இல் சுன்னாகத்திலிருந்து வெளியிட்ட 'ஈழகேசரி' மாணவருக்கும் இளைஞருக்கும் தனிப் பக்கங்களை ஒதுக்கியது. 1958 வரை வாழ்ந்த அப்பத்திரிகையிலே கன்னி முயற்சியாக எழுதியவர்கள் பின்னர் எழுத்துலகில் நிலைத்து நின்றனர். அவ்வாறு வந்தவர்களுள் வரதர் ஒருவர். அவரும் அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி, பஞ்சாட்சர சர்மா முதலிய நண்பர்களும் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தார்கள். அச்சிடப் பணம் இல்லை. என்ன செய்வது? கையாலே எழுதினார்கள். ஒரே பிரதி கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. அதன் பின்னரே, 1946இல், 'மறுமலர்ச்சி' அச்சு வாகனம் ஏறியது. அச்சில் அது வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளே. எனினும் ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது.

கையெழுத்துப் பத்திரிகையை இக்காலத்துப் பிள்ளைகள் விளையாட்டாக நினைக்கக்கூடும். ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, அதிலே ஒரு பிழை கண்டால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். பேனையைத் தாளில் வைப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

1959 பெப்ருவரியில் 'ஈழநாடு' தோன்றி, 1961இல் நாளிதழாயிற்று. கொழும்புக்கு வெளியே ஒரு பிரதேசத்திலிருந்து நாளிதழ் நடத்தலாம் என்பதை அது நிரூபித்தது. அதன் ஆசிரியர் கே. பி. ஹரன் அவர்களின் கீழ் இளைஞர் பலர் தொழில் பழகினர். அங்கே பணியாற்றிய எஸ். எம். கோபாலரத்தினம் அவர்கள், 'வீரகேசரி'யிலே ஒப்புநோக்குநராகத் தொடங்கியவர். பின்னர் பல பத்திரிகைகளுக்கு ஆசிரியரானார். ஒப்புநோக்குநர் மேசையே அக்காலத்தில் முதலாம் வகுப்பு. பிறர் எழுதியதை எழுத்தெண்ணிப் படித்தவனுக்குத்தான் தான் எழுதும் பேறு கிடைத்தது. இன்று கணினி வந்து அந்த மேசையை எடுத்துவிட்டது. அதனோடு அந்த வகுப்பும் போய்விட்டது என்பது நமக்குச் சிறிது வருத்தமே.

அந்த வகுப்பின் இடத்தை இப்போது பல்கலைக்கழகம் நிரப்ப வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தோன்றி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே ஊடகப் பயிற்சி நிலையம் இதழியல் டிப்ளோமா வகுப்பை நடத்திற்று; கலைப்பீடத்திலே ஊடகக் கற்கைகள் பட்டப்படிப்புப் பாடமாகவும் இடம்பெற்றுள்ளது. திருநெல்வேலியிலே பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே பெரிய சந்தை இருக்கிறது. செய்தி கற்பவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் வேறு இல்லை என்பது நமது துணிபு.

ஓர் உதாரணம் கூறுவோம். மாணவன் ஒருவனிடம், "சந்தைக்குப் போய்ச் சின்ன வெங்காயத்தின் விலையை அறிந்து வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சுலபமான வேலை! அவன் போகிறான், ஒரு வியாபாரியிடம் கேட்கிறான், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கிறான். மேசையில் இருப்பவர் கேட்கிறார்: "எத்தனை பேரிடம் கேட்டாய்?" ஒருவரிடம். "மொத்த விலையா, சில்லறை விலையா?" தெரியாது. "காலை விலையா, மத்தியான விலையா? காய்ந்த வெங்காயமா, ஈர வெங்காயமா? மருதனார்மடத்தில் என்ன விலை?" மாணவன் மறுபடியும் போகிறான். இம்முறை ஒரு விவசாயியைக் காண்கிறான். அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. கழிவைப் பற்றிப் பேசுகிறார். கொண்டுவந்து கொடுக்கும் மரக்கறியில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் கழிவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு யாழ்ப்பாணச் சந்தைகளிற் பல காலமாகக் கேட்பது. விலை அறியப் போனவனுக்கு உண்மையான செய்தி அங்கே காத்திருந்தது. இரண்டாம் முறை அனுப்பப்படாவிட்டால் அவன் அதைக் கண்டிருக்க மாட்டான். கழிவு எடுப்பவரிடமும் சென்று, அவர் சொல்லும் நியாயத்தையும் கேட்டு எழுதுவதற்கு மூன்றாம் முறையும் போக வேண்டும். வகுப்பறையில் இருந்துகொண்டு "இருபக்கமும் கேட்டு எழுதுக" என்று கொப்பியிற் குறித்துக்கொள்வது எளிது. வெயிலிலே துவிச்சக்கர வண்டியை மூன்றாம் முறை மிதிப்பது அவ்வளவு எளிதன்று.

பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி எது என்று நம்மைக் கேட்டால், மரண அறிவித்தல் என்றே கூறுவோம். வாசகர் சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வீடுகளிலே பத்திரிகையைப் பிரித்ததும் பெரியவர்கள் முதலிற் பார்ப்பது எந்தப் பக்கம் என்பது யாவரும் அறிந்ததே. ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊரை வதிவிடமாகவும், கனடாவையோ சுவிற்சர்லாந்தையோ தற்காலிக வசிப்பிடமாகவும் கொண்ட ஒருவர் காலமானார். அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இன்னாரின் மைத்துனன் எனத் தொடரும் அந்த நீண்ட வாசகத்திலே, ஒரு குடும்பத்தின் நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிவிடுகிறது. போர் எத்தனை தேசங்களுக்கு அக்குடும்பத்தைச் சிதறடித்தது என்பதும் அதிலே தெரியும்.

அதிலே நேரக்கூடிய பிழைகளை எண்ணிப் பாருங்கள். கரவெட்டி வேறு, கரணவாய் வேறு. புலோலி கிழக்கு வேறு, புலோலி தெற்கு வேறு. ஒரே ஒழுங்கையில் இரண்டு கந்தையாமார் இருப்பர். முதலெழுத்து ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டும். அந்த முதலெழுத்து மாறினால் உயிரோடிருப்பவரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சனம் வந்துவிடும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால், அச்சுப் பிழை என்று யார் நம்புவார்? குடும்பத்துக்குள் பழைய மனஸ்தாபம் மீண்டும் எழும்பும். ஈமக்கிரியை நேரம் தவறினால், தூரத்திலிருந்து வருபவர் முகத்தைக் காணாமலே திரும்புவார். ஆகவே மாணவன் ஒருவனை ஒரு மாதம் இந்த மேசையிலே இருத்தினால், பெயரையும் ஊரையும் உறவையும் இருமுறை கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் அவனுடைய இரத்தத்தில் ஊறிவிடும். அமெரிக்கப் பத்திரிகைகளிலும் புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு மரணச் செய்தியையே முதலிற் கொடுப்பது பழைய வழக்கம்.

அடுத்தது எண். நமது பிள்ளைகள் கணிதத்திற் சூரர். பரீட்சைப் பெறுபேறுகள் அதற்குச் சாட்சி. ஆனால் செய்தியில் வரும் எண் பரீட்சையில் வரும் எண்ணைப் போன்றதன்று. குடாநாட்டின் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். வற்றாத நதி ஒன்றில்லாத இந்நிலத்திலே சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீரே நமக்கு உயிர். தோட்டத்திலே இடும் பசளை நீரோடு இறங்கி அந்தக் கிணற்றிலே நைத்திரேற்றாகச் சேர்கிறது. அளவு மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் நீருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வகுத்திருக்கிறது. இது வரை எளிது.

ஆனால் சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றைக் குறிப்பிடாமல், அதிலுள்ள நைதரசனை மாத்திரம் கணக்கிட்டு எழுதும். அந்தக் கணக்கில் எல்லை ஏறத்தாழ 11. ஒரு கிணற்றின் அறிக்கையில் "நைத்திரேற்று நைதரசன் 14" என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மாணவி அதை 50உடன் ஒப்பிட்டு, "கிணற்று நீர் பாதுகாப்பானது" என்று எழுதிவிடுகிறாள். உண்மையிலோ அது நைத்திரேற்றாக 62 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிய நீர். அவளுடைய செய்தியை நம்பி ஒரு தாய் அந்த நீரிலே பால்மாவைக் கரைப்பாள். மறுபக்கமும் உண்டு. வேறோர் அறிக்கையில் நைத்திரேற்று 40 என்றிருப்பதை 11உடன் ஒப்பிட்டால், நல்ல கிணற்றை நஞ்சுக் கிணறாக்கி ஊரையே கலக்கிவிடலாம். அறிக்கை தந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் போதும், இரண்டும் நேர்ந்திரா.

இது வெறுங் கற்பனைக் கவலை அன்று. சுன்னாகத்து மின் நிலையத்தின் கழிவெண்ணெய் அயற்கிணறுகளிற் கலந்ததென்ற முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளிலே வலிகாமத்தையே உலுக்கியது. நீர் குடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொன்ன காலம் அது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. இத்தகைய விஷயத்தை எழுத வேண்டிய நிருபருக்கு இரசாயனம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னதை மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு இன்று ஒரு சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ருவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையிலோ, பிரதேச செயலகத்திலோ, எந்தப் பொது நிறுவனத்திலோ உள்ள தகவலை இலங்கைப் பிரசை எவரும் எழுத்து மூலம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். இச்சட்டத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவர் பலர். ஒரு விண்ணப்பத்தை எழுதி, கையிலே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி, நாட்களை எண்ணிக் காத்திருந்தவன் சட்டத்தை வேறு விதமாகப் படித்திருப்பான். கேள்வி தெளிவாயிராவிட்டால் விடையும் தெளிவாயிராது என்பது முதல் விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும். "வீதி திருத்தம் பற்றிய விபரம்" என்று கேட்டால் எதுவும் வராது. எந்த வீதி, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, யாருக்கு ஒப்பந்தம் என்று கேட்க வேண்டும்.

இனி, பெற்றோரின் மனத்திலிருக்கும் கேள்விக்கு வருவோம். பிள்ளை வைத்தியனாக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று விரும்பும் நம்மூர்த் தாய் தந்தையர், "பத்திரிகைக்காரனாகப் போகிறேன்" என்று மகனோ மகளோ சொல்லும்போது முகம் சுளிப்பதை நாம் குறை கூறவில்லை. சம்பளம் பற்றிய கவலை ஒன்று. அதனிலும் பெரிய கவலை மற்றொன்று.

1981ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த அந்த நாட்களிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1987 ஒக்டோபரில் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகியவற்றின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இரவு, ஊரடங்கு வேளையில், செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் நாள் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் அங்கே பணியாற்றிய இருவரைக் கொன்றனர். இவற்றை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு இத்தொழிலைப் புகழ்ந்து பேசுவது நேர்மையாகாது. ஆதலாலேதான் பயிற்சி அவசியம் என்கிறோம். எந்தத் தகவலை யாரிடமிருந்து பெற்றோம் என்பதைக் காக்கவும், ஒருவர் சொன்னதை எழுதுவதால் அவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்கவும், தனியே போகத் தகாத இடத்துக்குத் தனியே போகாதிருக்கவும், எழுதியதற்கு ஆதாரத்தைக் கோவையில் வைத்திருக்கவும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். அவதூற்றைக் குற்றமாக்கிச் சிறைக்கு அனுப்பும் சட்டப்பிரிவு இலங்கையில் 2002இல் நீக்கப்பட்டது உண்மை. நட்டஈட்டு வழக்குத் தொடரும் உரிமை இன்னும் உண்டு என்பதும் உண்மை.

அந்தப் பத்திரிகைகள் எத்தகைய நிலையில் வெளிவந்தன என்பதையும் மாணவர் கண்ணாற் பார்க்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகைத் தாள் கிடையாமல், பள்ளிப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளிலே அச்சான ஏடுகள் உண்டு. மின்சாரம் இல்லை, தாள் இல்லை. எழுத இடமும் இல்லை. நான்கு வரியில் முடிக்கக்கூடியதை ஐந்தாவது வரிக்கு நீட்டுவது அக்காலத்திலே அநியாயச் செலவு. இன்று கைத்தொலைபேசியிலே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு விபத்து நடந்த சில நிமிடங்களில் இறந்தவரின் பெயர், படம் எல்லாம் உலகைச் சுற்றிவிடுகின்றன; இறந்தவரின் தாய்க்கு மாத்திரம் இன்னும் தெரியாது. பொலிசாரோ வைத்தியசாலையோ உறுதி செய்யும் வரை பெயரை வெளியிடாமல் பொறுத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் செய்திக்கூடத்திலே கைகட்டிக் காத்திருந்த மாணவனே அறிவான். ஊர் முழுவதும் எழுதிவிட்டது, நாம் மாத்திரம் எழுதவில்லையே என்ற பதைப்பை அடக்குவதும் ஒரு பயிற்சி.

சிறிய இடத்தில் செய்தி கற்பதிலே ஒரு தனி நன்மையும் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. நாம் யாரைப் பற்றி எழுதினோமோ அவரை மறுநாள் கோயில் வாசலிலோ சனசமூக நிலையத்திலோ சந்திப்போம். அவர் நமது ஒன்றுவிட்ட மாமனாகவும் இருக்கலாம். "தம்பி, இதை எழுதாதே" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். எழுதுவதா விடுவதா? உறவுக்காக விட்டால் ஊருக்குத் துரோகம்; எழுதினால் வீட்டிலே சண்டை. இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. மாணவர் செய்திக்கூடத்திலே ஒரு நல்ல வழி உண்டு: உறவுள்ளவன் அச்செய்தியிலிருந்து விலகிக்கொள்ள, வேறொருவர் அதை எடுத்து எழுதுவார். ஆனால் தனக்கு உறவு உண்டு என்பதை முதலில் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதற்கே ஒரு துணிவு வேண்டும்.

பல்கலைக்கழகம் வரை காத்திராமல் பாடசாலையிலேயே இதைத் தொடங்க முடியுமா என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. தாராளமாகத் தொடங்கலாம். அச்சகம் வேண்டியதில்லை; வகுப்பறைச் சுவரும் நான்கு வெள்ளைத் தாளும் போதும். கவிதையும் பொன்மொழியும் ஒட்டுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு செய்தியைப் பிள்ளைகள் தாமே தேடி எழுதட்டும். பாடசாலைக் கிணற்றை இறுதியாக இறைத்தது எப்பொழுது? நூலகத்திலிருந்து இம்மாதம் எத்தனை நூல்கள் இரவல் போயின? வாசலில் நிற்கும் ஐஸ்கிறீம் வண்டிக்காரர் எந்த ஊரிலிருந்து வருகிறார்? எழுதியதன் கீழே எழுதியவரின் பெயரும், யாரிடம் கேட்டார் என்பதும் இருக்க வேண்டும். பிழை கண்டால் அடுத்த கிழமை அதே சுவரில், அதே அளவு எழுத்தில், திருத்தம் ஒட்டப்பட வேண்டும்.

பழைய பத்திரிகைகளைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு இன்று நல்ல காலம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழகேசரி, மறுமலர்ச்சி, ஈழநாடு முதலியவற்றின் இதழ்கள் பல படமாக்கப்பட்டிருக்கின்றன. வீட்டிலே கணினியோ கைத்தொலைபேசியோ இருந்தால் காசு கொடாமலே படிக்கலாம். ஒரு ஞாயிறு மத்தியானம் ஈழநாடு இதழ் ஒன்றைத் திறந்து, அதிலே தமது ஊரின் பெயர் வரும் செய்தியைத் தேடி எடுத்து, அதிலே கூறப்பட்டவர்களை அறிந்த முதியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, "இது சரிதானா, அப்பு?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். எழுதிய பின் தேதியையும் போடட்டும்.